நின்ற பிறகு ஏறும் சூடு

மதுரை

1991 மே மாதம் வால்பாறை மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் எங்கள் கார் மக்கர் செய்தது. எனக்கு அப்போது 10 வயது. ஆழியாறிலிருந்து அந்த வளைவு வரைக்கும் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறிவந்த வண்டி அது. அணையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அப்பாதான் ஓரங்கட்டி நிறுத்தினார். கால் மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மேலிருந்து இறங்கிய எஸ்டேட் லாரிக்காரர் ஒருவர் தன் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பெட்ரோல் பம்ப்பின் மேல் போர்த்தினார். "வண்டிக்கு ஒண்ணுமில்லைங்க. கொஞ்சம் ஆறட்டும்" என்றார். ஆறியது. கிளம்பினோம்.

மலையேறும்போது வராத கோளாறு சும்மா நின்றபோது ஏன் வந்தது? அப்பா அந்தக் கேள்வியை விடவே இல்லை. காரையும் விடவில்லை. கப்பலூரில் அவர் கூட்டாளிகளோடு நடத்திய வார்ப்படப் பட்டறை மூடி வெகுநாளாகிவிட்டது. கார்பரேட்டர் வைத்த அந்தப் பழைய பெட்ரோல் கார் மட்டும் வாசலில் நிற்கிறது. இப்போது அவருக்கு 76 வயது. சித்திரை முடியும் நேரத்தில் ஒருநாள், "இன்னொரு தடவை அந்த வளைவு வரைக்கும் போய்ட்டு வருவோமாடா?" என்று கேட்டார்.

பைபாஸ் ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அப்பாவின் கேள்விக்கு அவர் ஒரே மூச்சில் விடை சொன்னார். "அடுப்பை அணைச்ச பிறகும் தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா துள்ளுதுல்ல தம்பி? அதேதான். இதை ஹீட் சோக்னு சொல்லுவோம்."

என்ஜின் ஓடும்வரை வாட்டர் பம்ப் தண்ணீரைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கிறது. சிலிண்டரைச் சுற்றி வாங்கிய சூட்டை அந்தத் தண்ணீர் ரேடியேட்டரில் கொண்டுவந்து காற்றில் விடுகிறது. சாவியைத் திருப்பி அணைத்த நொடியே பம்ப் நின்றுவிடும். இரும்பு மட்டும் சூடாகவே இருக்கும். அந்தச் சூடு ஓடாமல் நிற்கிற தண்ணீரில் இறங்கும், பிறகு கார்பரேட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் பரவும். பானெட் மூடியிருப்பதால் உள்ளே காற்றோட்டமும் கிடையாது. பெட்ரோலின் லேசான கூறுகள் 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும். குழாயில் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிறைந்துவிட்டால் பம்ப் எதை இழுக்கும்?

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "எங்க பட்டறையில புதுசா சேர்ற பசங்களுக்கு முத நாள் சொல்ற பாடம் இது. ஊத்துன இரும்பு மேல கறுத்துப்போச்சுன்னு தொட்டுறக் கூடாது. உள்ள இன்னும் செவந்துதான் கிடக்கும்" என்றார். பிறகு, "இத்தனை வருசம் இது எனக்குத் தோணாமப் போச்சே" என்று பானெட்டைத் தடவினார்.

பழைய ஃபேன், என்ஜினோடு பெல்ட்டில் கட்டுண்டது. என்ஜின் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும், என்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். அதைக் கழற்றிவிட்டு மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரின் பின்பக்கம் கூண்டோடு ஒரு கரண்ட் ஃபேன் பொருத்தினார். மேல் ஹோஸில் ஒரு சென்சார், டாஷ்போர்டுக்குக் கீழே டிகிரி குறித்த ஒரு திருகு, சாவியை எடுத்த பிறகும் ஃபேனைச் சுற்றவைக்க ஒரு டைமர், டிகிரியை எண்ணில் காட்ட ஒரு சின்ன மீட்டர். ஃபேன் ஓடும்போது எரிய ஒரு சிவப்பு பல்பு.

எல்லாம் மாட்டியதும் ஒரு பழைய நாளிதழ்த் தாளை முன்பக்க கிரில்லுக்கு நேரே பிடித்தார். ஃபேன் ஓடியது. தாள் படக்கென்று கிரில்லில் ஒட்டிக்கொண்டது. "காத்தை உள்ள இழுக்குது, சரியா இருக்கு. வயரை மாத்திக் குடுத்திருந்தா தாளைத் தள்ளிவிட்டிருக்கும்" என்றார். திருகை 95இல் வைத்து, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். "ஷெட்டுல நின்னுக்கிட்டு இதைச் சரியா வைக்க முடியாது. ரோட்டுல ஓட்டிப் பார்த்துத் திருப்பிக்கங்க."

ஒட்டன்சத்திரம்

விடியும் முன்பே கிளம்பியதால் திண்டுக்கல் வரை வெயில் தெரியவில்லை. வலப்பக்கம் சிறுமலை நீலமாக எழுந்து நின்றது. வழியில் பனையடியில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவரிடம் ஆளுக்கு நான்கு கண் வாங்கித் தின்றோம். நாலு வழிச் சாலையில் மீட்டர் 83, 84 என்று அசையாமல் நின்றது. சிவப்பு பல்பு ஒருமுறைகூட எரியவில்லை. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது.

ஒட்டன்சத்திரத்தில்தான் பரீட்சை வந்தது. காய்கறிச் சந்தை கூடுகிற நேரம். முருங்கைக்காய்க் கட்டுகளும் தக்காளிப் பெட்டிகளும் ஏற்றிய லாரிகள் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றன. அரைக் கிலோமீட்டர் நகர 20 நிமிடம் ஆனது. மீட்டர் 88, 90, 92 என்று ஏறியது. 94 ஆனபோது ஒரு டீக்கடை நிழல் கிடைத்தது. நிறுத்தி அணைத்தேன். இன்னும் ஒரு டிகிரி ஏறியிருந்தால் ஃபேன் ஓடியிருக்கும்.

டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமைதூக்கும் தொழிலாளி நள்ளிரவிலிருந்து மூட்டை இறக்குவதாகச் சொன்னார். தலையில் சும்மாட்டுத் துணி அப்படியே இருந்தது. டீ வந்தும் அவர் குடிக்கவில்லை. "மூச்சு அடங்கட்டும்ங்க. ஓடி வந்த கையோட எதையும் உள்ள ஊத்தக் கூடாது" என்றார்.

இட்லி சாப்பிட்டுவிட்டு நான் மீட்டரை எட்டிப் பார்த்தேன். 104. வண்டியை அணைத்த பிறகு பத்து டிகிரி ஏறியிருக்கிறது! சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. அப்பா ஒன்றும் பேசாமல் இறங்கிப்போய்க் கடைக்காரரிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கினார். தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பிழிந்து பெட்ரோல் பம்ப்பைச் சுற்றிக் கட்டினார். துண்டிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பியது. ஐந்து நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது.

தப்பு எங்கே என்று இப்போது புரிந்தது. 95இல் ஃபேன் ஓடத் தொடங்கும் என்றால், 94இல் அணைக்கிற வண்டி அத்தனை சூட்டையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறது. கூடுதல் சூடு அந்த 94இன் மேல்தான் ஏறும். வண்டியை எந்த டிகிரியில் அணைக்கிறோமோ அதைக் குறைத்தால் பிறகு ஏறும் உச்சியும் குறையும்.

"அப்ப நல்லாக் குறைச்சு வைடா" என்றார் அப்பா. திருகை 80இல் வைத்தேன்.

பழனி – உடுமலை

பழனி மலையின் உச்சிக் கோபுரம் தெரிந்ததும் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடிவாரத்தில் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கினோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். மலைவாழைப்பழத்தின் மணம் மூடியைத் திறந்ததுமே வண்டி முழுவதும் பரவியது.

பழனியைத் தாண்டியதும் நிலத்தின் முகம் மாறுகிறது. மதுரைப் பக்கத்து வெள்ளை வெயில் இங்கே இல்லை. இடப்பக்கம் மலைத்தொடர் கூடவே வருகிறது. தென்னந்தோப்புகள் நெருங்குகின்றன. உடுமலையை நெருங்க நெருங்க, வானத்தை வருடிக்கொண்டு காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேற்குக் காற்று அவற்றைச் சுழற்றுகிறது. அந்தக் காற்றை நாங்கள் நேராக முகத்தில் வாங்கிக்கொண்டு போனோம். ரேடியேட்டருக்கு இதைவிட நல்ல காற்று கிடைக்காது.

ஆனாலும் சிவப்பு பல்பு அணையவே இல்லை. பழனியிலிருந்து உடுமலை வரை 35 கிலோமீட்டரும் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. ஓரமாக நிறுத்தி மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"எத்தனையில வச்சீங்க?"

"எண்பதுல அண்ணே."

"அடடா. உள்ள இருக்கிற தெர்மோஸ்டாட் வால்வு 82லதான் தொறக்கும் தம்பி. தண்ணியை அந்தச் சூட்டுலயே வச்சிருக்கிறது அதோட வேலை. நீங்க அதுக்குக் கீழ வச்சா ஃபேன் ராத்திரி பகலா சுத்தும், தண்ணியோட சூடு குறையவே குறையாது. மோட்டார் தேயும், பேட்டரி இறங்கும். தொண்ணூறுல வைங்க. தொண்ணூறுல ஓடி எண்பத்தஞ்சுல நிக்கும். வால்வுக்கும் ஃபேனுக்கும் நடுவுல ஒரு இடம் விடணும்."

திருகை 90க்குக் கொண்டுவந்தேன். ஃபேன் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. டைமரையும் ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்கு மாற்றச் சொன்னார். பேட்டரி தாங்குமா என்று கேட்டேன். அந்த ஃபேன் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், மூன்று நிமிடத்துக்கு அரை ஆம்பியர்-அவர் கணக்கு, 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அது ஒரு வாய்த் தண்ணீர் மாதிரி என்றார். "ஆனா ஒண்ணு. சாவியை எடுத்துட்டா வாட்டர் பம்ப் கிடையாது. அதுக்கப்புறம் ஃபேன் என்ஜினுக்குள்ள இருக்கிற தண்ணியை ஆத்தாது. பானெட்டுக்குள்ள முடங்கிக் கிடக்கிற அனலை வெளிய தள்ளும், அவ்வளவுதான். அதனால நிறுத்துறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிசம் ஐடிலிங்ல விடுங்க. மூக்கைக் காத்து வர்ற பக்கம் திருப்பி நிறுத்துங்க."

நாங்கள் நிறுத்தியிருந்த தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க கெணத்து மோட்டாருக்கும் இதே கதைதானுங்க. ஓய்வு குடுக்காம ஓட்டுனா காயில் போயிரும்" என்றார். கேட்காமலே இரண்டு இளநீர் சீவி நீட்டினார். காசு கொடுத்தபோது, "தோட்டத்துக்கு வந்தவீங்ககிட்ட எளநிக்குக் காசு வாங்கறதுங்களா?" என்று கையை மடக்கிக்கொண்டார். எங்கள் ஊர்ப் பேச்சில் உரிமை தூக்கலாக இருக்கும். இந்தப் பக்கத்துப் பேச்சில் ஒவ்வொரு வாக்கியமும் 'ங்க' என்று குனிந்து வணங்கிவிட்டுத்தான் முடிகிறது.

ஆழியாறு

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரும் சாலையில் புளியமரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கின்றன. அந்த நிழலில் வெயில் காசுகாசாகத்தான் விழுகிறது. அணைக்கரையில் மீன் வறுக்கும் வாசனை வண்டியை நிறுத்தவைத்தது.

கல்லில் மீன் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் முன் உட்கார்ந்தோம். மிளகாயும் மஞ்சளும் பூசிய துண்டுகளை எண்ணெய் விளிம்பில் சாய்த்துச் சாய்த்து வைத்தார். ஒருபக்கம் சிவந்ததும் திருப்பினார். கடைசித் துண்டுகளை மட்டும் பாதி வெந்திருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டுக் கல்லிலேயே விட்டார். "மிச்சத்தைக் கல்லே பாத்துக்குமுங்க. தீ வச்சா கருகிரும்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தக் கல்லின் கனம் ஒரு விரற்கடை இருக்கும். தடித்த இரும்பு எவ்வளவு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பது அந்த அக்காவின் கைக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்பதாவது வளைவு

வனத்துறைச் சோதனைச்சாவடி தாண்டியதும் மலை தொடங்குகிறது. மேலே போக 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டர் வேகம். என்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது, முகத்தில் வந்து மோதும் காற்று குறைவு. ரேடியேட்டருக்கு மலைப்பாதையில் வரும் இக்கட்டு இதுதான்.

அப்பா சிவப்பு பல்பையே பார்த்துக்கொண்டு வந்தார். 90இல் எரிந்தது. மீட்டர் 92 வரை போய்த் திரும்பியது. 85இல் அணைந்தது. மூன்றாவது வளைவில் மறுபடி எரிந்தது. ஆறாவதில் ஒருமுறை 93ஐத் தொட்டது. அதற்கு மேல் போகவில்லை. மேலிருந்து இறங்கி வந்த ஒரு அரசுப் பேருந்துக்கு வழிவிட்டு நின்றோம். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பதால் அந்த ஓட்டுநர் கையை ஆட்டி எங்களை முதலில் போகச் சொன்னார். பழைய வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

ஒன்பதாவது வளைவு. லோம்ஸ் வியூ என்று அந்தக் காட்சிமுனையைச் சொல்கிறார்கள். கீழே ஆழியாறு அணை, ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடந்தது. அதற்கப்பால் தென்னந்தோப்புகளின் கடும்பச்சை, அதற்கும் அப்பால் பொள்ளாச்சிச் சமவெளி புழுதிநிறத்தில் கரைந்துபோயிருந்தது. பிற்பகல் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசியது. வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்தினேன். மீட்டர் 91. அணைக்கவில்லை. ஐடிலிங்கில் விட்டேன். ஃபேன் சுற்றியது. 89, 88. இரண்டு நிமிடத்தில் 86. அப்பா தலையசைத்தார். சாவியை எடுத்தேன்.

என்ஜின் சத்தம் நின்ற பிறகு ஃபேனின் சத்தம் தனியாகக் கேட்டது. அந்த மலையமைதியில் அது யாரோ முறத்தால் விசிறுவதுபோல இருந்தது. முன் சக்கரத்துக்குப் பின்னே குனிந்து கை வைத்தேன். பானெட்டுக்குள்ளிருந்து அனல் குபுகுபுவென்று வெளியேறிக்கொண்டிருந்தது. முதல் நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு. மூன்றாவது நிமிடத்தில் வெதுவெதுப்பு. ஃபேன் நின்றது. பானெட்டைத் தூக்கி வைத்தோம்.

எதிர்ப் பாறையில் இரண்டு வரையாடுகள். தமிழ்நாட்டின் மாநில விலங்கை இவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை. வெயிலில் காய்ந்த பாறையின் நிழல்பக்கமாகப் பார்த்து ஒன்று மடங்கிப் படுத்தது. இன்னொன்று எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அன்னைக்கு நீ அழுதுட்ட, தெரியுமா?" என்றார் அப்பா.

"தெரியும்."

"நானும் உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன். சின்னப் பிள்ளைகளைக் கூட்டியாந்து காட்டுல நிறுத்திட்டமேன்னு."

மீட்டர் மெல்ல ஏறியது. 88, 90, 92. பத்தாவது நிமிடத்தில் 93. அங்கேயே நின்றது. காலையில் 104 காட்டிய அதே வண்டி. பிறகு ஒரு டிகிரி இறங்கியது. கால் மணி நேரம் ஆனதும் அப்பா ஓட்டுநர் பக்கம் வந்து, "நான் திருப்புறேன்" என்றார்.

சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றிலேயே என்ஜின் பிடித்தது. அப்பா ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

வால்பாறை

அட்டகட்டியைத் தாண்டியதும் காற்றில் ஈரம் வந்துவிடுகிறது. கவர்க்கல்லில் மூடுபனி சாலையைக் கடந்துகொண்டிருந்தது. விளக்கைப் போட்டு ஊர்ந்தோம். பனிக்குள்ளிருந்து தேயிலைச் சரிவுகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மதுரையில் இந்நேரம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க முடியாது. இங்கே அப்பா துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

ரொட்டிக்கடையில் டீ குடிக்க நிறுத்தினோம். கடைக்கார அம்மா மானாமதுரைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "புதுசா வந்தப்ப பருப்பு வேகவே வேகாதுய்யா. குக்கர் வாங்குன பிறகுதான் பொழப்பு நிமிர்ந்துச்சு" என்றார். இங்கே உயரம் சுமார் 3,500 அடி. தண்ணீர் நூறு டிகிரிக்கு மூன்று நான்கு டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடியும் குக்கர் மூடி மாதிரிதான். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் காக்கிறது. குளிர்ந்த ஊருக்கு வந்துவிட்டோம் என்று அந்த மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. திறந்தால் அழுத்தம் போய்க் கொதிநீர் முகத்தில் பீறிடும். கூடையோடு வேலை முடித்து வந்த தேயிலைத் தோட்டப் பெண்கள் நான்கைந்து பேர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். இடுப்பில் கட்டிய தார்ப்பாயைக்கூட அவிழ்க்கவில்லை. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அதைப் பார்த்ததும் எங்கள் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது. பட்டறையிலிருந்து அப்பா சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார். வந்ததும் வீட்டுக்குள் நுழைய மாட்டார். திண்ணையில் உட்காருவார். அம்மா ஒரு செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு எங்களை உள்ளே இழுத்துக்கொள்வாள். ஒருநாள் நான் அவள் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவர் மடியில் ஏறினேன். என்றும் இல்லாதபடி கத்திவிட்டார். இரவு என்னைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, "உலைக்கு முன்னாடி நிக்கிறப்ப ஒண்ணும் தெரியாதுடா. வீட்டுக்கு வந்து உக்காந்த பிறகுதான் மேலெல்லாம் காயும்" என்று சொன்னார். எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. கோபக்கார அப்பா என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வால்பாறைக்குள் நுழையும்போது மழை தூறத் தொடங்கியது. வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, சாவியை எடுத்தேன். ஃபேன் மட்டும் சுற்றியது. சூடான பானெட்டில் விழுந்த தூறல் துளித்துளியாக ஆவியாகிக்கொண்டிருந்தது. அப்பா இறங்கவில்லை. சிவப்பு பல்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் கதவைத் திறக்காமல் அவர் பக்கத்திலேயே இருந்தேன். மூன்று நிமிடம் கழித்து ஃபேன் நின்றது.

"ம், இப்ப இறங்கலாம்" என்றார்.